காந்தியடிகளின் கடைசி மகன்



பெரியோரின் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகையில், தந்தையின் புகழைக் காத்தனரா, கெடுத்தனரா என்றே கேட்கிறோம். என்ன தொழில் செய்து வாழ்ந்தனர் என்று கேட்பவர் அரியர். காந்தியடிகளின் கடைசி மகன் தேவதாஸைப் பற்றி இந்த இரண்டாவது கேள்வியையே எழுப்ப விரும்புகிறேன்.

1900ஆம் ஆண்டு மே மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அவர் பிறந்தார். வைத்தியர் உடனே கிடைக்கவில்லை. மருத்துவச்சியை அழைத்து வரவும் தாமதமாயிற்று. தந்தையே பிரசவம் பார்த்தார். காந்தியடிகள் தம் மக்களைப் பொதுப் பள்ளிகளுக்கு அனுப்பவில்லை. மூத்தவர் ஹரிலால் இதனால் மனம் கசந்து 1911இல் தந்தையைப் பிரிந்தார். தேவதாஸ் பிரியவில்லை. 1917இல் சம்பாரண் கிராமங்களில் பள்ளிப்பணி செய்தார். மறு ஆண்டே, பதினெட்டு வயதில், சென்னைக்கு ஹிந்தி ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

வேற்று மொழியினரிடையே வாழ்வது எத்தகையது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குஜராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட அவ்விளைஞர், தமக்கும் தாய்மொழியல்லாத ஹிந்தியை, தமிழ் பேசுவோர்க்குக் கற்பித்தார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது வியப்பளிக்கிறது. விரும்பியவர் மட்டுமே அவ்வகுப்புகளுக்கு வந்தனர். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1938இல், ராஜாஜியின் அரசாங்கம் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியதும் பெருங் கிளர்ச்சி எழுந்தது. 1940இல் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. விருப்பத்துக்கும் கட்டாயத்துக்கும் உள்ள தூரம் அவ்வளவு!

அந்த ராஜாஜியின் மகள் லக்ஷ்மியைத்தான் தேவதாஸ் விரும்பினார். இரு தந்தையரும் உடனே இசையவில்லை. ஐந்தாண்டுகள் ஒருவரையொருவர் காணாது பிரிந்திருக்க வேண்டும் என்றனர். ஊருக்குப் புரட்சி சொன்னவர்கள் தம் வீட்டில் விதித்த நிபந்தனை சற்றுக் கடுமையே. இருவரும் காத்திருந்தனர். 1933 ஜூன் 16 அன்று பூனாவில், சாதி கடந்த அத்திருமணம் நடந்தேறியது.

அதன்பின் அவரை நிலைபெறச் செய்தது பத்திரிகைத் தொழில். 1937இல் தில்லி 'ஹிந்துஸ்தான் டைம்ஸ்' ஏட்டின் ஆசிரியரானார். கன்னாட் சர்க்கஸில், அலுவலகக் கட்டடத்தின் மேல்மாடியிலேயே குடும்பத்துடன் வசித்தார். யுத்த நிதி திரட்டுமாறு அலகாபாத் பிரதம நீதிபதி கீழ்க்கோர்ட்டு அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தார் என்று அவ்வேடு செய்தி வெளியிட்டது. செய்தி தவறானது. உயர்நீதிமன்றம் அதனைக் கோர்ட்டு அவமதிப்பென்று தீர்ப்பளித்தது. ஆனால் நீதிபதியின் நிர்வாகச் செயலைப் பற்றிய தவறான செய்தி வேறு, நீதி பரிபாலனத்துக்கு இடையூறு வேறு என்று லண்டன் பிரிவி கௌன்சில் 1943இல் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. பத்திரிகையாளர் இன்றும் எடுத்துக்காட்டும் வழக்கு அது.

1948 ஜனவரியில் தந்தையை இழந்த பின்னும் அவர் அதே ஆசிரியர் நாற்காலியில்தான் இருந்தார். மந்திரி பதவி எதிலும் அமர்ந்தாரில்லை. 1957 ஆகஸ்ட் 3ஆம் தேதி பம்பாயில் காலமானார். அவருடைய மக்களுள் ராஜ்மோகன் காந்தி பின்னாளில் இரு பாட்டனாருடைய வரலாறுகளையும் எழுதினார். கோபாலகிருஷ்ண காந்தி 2004 முதல் 2009 வரை மேற்கு வங்காளத்தின் கவர்னராக இருந்தார்.