கவுன்சிலர் இல்லாத நாலு வருஷம்
(தாராவி வார்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பம்பாய் மாநகராட்சியில் வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது 1948 தேர்தலில்தான். அதற்கு முன் வரி, வாடகைத் தகுதி கேட்டார்கள். குடிசைக்காரனை யார் சீந்தினார்கள்? 1968-ல், தென்னிந்தியரை எதிர்த்து முழங்கிய சிவசேனை 42 இடங்களைப் பிடித்தது. ஓட்டின் வலு என்னவென்று நமக்குப் புரிந்தது அப்போதுதான்.

2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. 227 வார்டை 236 என்றார்கள். மறுபடி 227 என்றார்கள். இந்தக் கூட்டல் கழித்தலிலும் வழக்கிலும் ஏறக்குறைய நாலு வருஷம் ஓடிற்று. குழாய் வறண்டாலும் சாக்கடை அடைத்தாலும் போய்க் கேட்கக் கவுன்சிலர் இல்லை, கமிஷனரே நிர்வாகி. 2026 ஜனவரி 15-ல்தான் ஓட்டுப் போட்டோம்.

அடுத்த தேர்தலுக்கு நாளிருக்கிறது என்று இருந்துவிட வேண்டாம். வீடு மாறியவர்கள், பதினெட்டு முடிந்த பிள்ளைகள் பெயரைச் சால் வாரியாக எழுதுகிறோம். நோட்டு வாசலில் இருக்கிறது.