கூட்டமாகப் போனாலும் பாஸ்போர்ட் அவரவர் கையில்



கோடை விடுமுறை வந்துவிட்டால் திருச்சி, சென்னை விமான நிலையங்களில் ஒரே நிறத் தொப்பி போட்ட சுற்றுலாக் குழுக்களைப் பார்க்கலாம். சொந்தபந்தங்கள், தெருக்காரர்கள், கோயில் குழுவினர் எனச் சேர்ந்து சிங்கப்பூர், மலேசியா புறப்படுகிறார்கள். பலருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். நாலு பேரோடு போகிறோம் என்ற தைரியம் நல்லதுதான். ஆனால், "எல்லாம் அழைத்துப் போகிறவர் பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிடக் கூடாது. இமிகிரேஷனிலும் சுங்கத்திலும் குழு என்று ஒன்று கிடையாது. அவரவர் ஆவணத்துக்கும் அவரவர் பைக்கும் அவரவரே பொறுப்பு.

முதலில் பாஸ்போர்ட். சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ போவதென்றால், போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன்பே தேதியைப் பாருங்கள். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்றும் பாருங்கள். இனிஷியலா, அப்பா பெயரா என்ற குழப்பம் நம் ஊர்க்காரர்களுக்கு இங்கேதான் வரும். இரண்டு நாடுகளுமே வருகை அட்டையை இணையத்தில்தான் நிரப்பச் சொல்கின்றன. இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல.

எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி ஒருவர் பையில் போட்டு வைப்பது பல குழுக்களில் வழக்கம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அந்த ஒரு பை தொலைந்தால் மொத்தக் குழுவும் நடுவழியில் நின்றுவிடும். பாஸ்போர்ட் அவரவரிடம் இருக்கட்டும். நகல் ஒன்று பெட்டியிலும், படம் ஒன்று கைப்பேசியிலும் இருக்கட்டும்.

அடுத்தது பெட்டி கட்டுவது. பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் உடனே பார்த்து அணைக்க ஆள் உண்டு, சரக்குப் பகுதியில் இல்லை. கைப்பையில் எடுத்துப் போகும் திரவம் பொதுவாக ஒரு பாட்டில் 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள்.

சமையல் சாமான் எடுத்துப் போகிறவர்கள் கவனியுங்கள். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விமானத்தில் அதற்கு அனுமதி இல்லை. குருமாவுக்கு அரைக்கும் கசகசா அபினிச் செடியின் விதை என்பதால் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை. வெற்றிலையோடு போடும் புகையிலைக்கும் அங்கே தடை. சூயிங் கம்மும் கூடாது.

இப்போது சொல்லப்போவதுதான் மிக முக்கியம். செக்-இன் வரிசையில் நிற்கும்போது அறிமுகமில்லாத ஒருவர் வருவார். "தம்பி, என் பெட்டி ரெண்டு கிலோ கூடிப்போச்சு. இந்த முறுக்குப் பொட்டலத்தை மட்டும் உங்க பெட்டியில வெச்சுக்குங்க. அங்க என் மகன் வந்து வாங்கிக்குவான்" என்பார். வயதானவராக இருப்பார், பாவமாகவும் இருக்கும். இருந்தாலும் வாங்காதீர்கள். உங்கள் வசமுள்ள பையில் போதைப்பொருள் இருந்தால், அது உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் சிங்கப்பூர்ச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். சிங்கப்பூர், மலேசியா இரண்டிலும் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. "மன்னிச்சுக்குங்க ஐயா, அடுத்தவங்க பொருளை எடுத்துப்போகக் கூடாது" என்று மரியாதையாகச் சொல்லி நகர்ந்துவிடுங்கள். உங்கள் பெட்டியை நீங்களே கட்டுங்கள், நீங்களே பூட்டுங்கள். செக்-இன் முடிந்ததும் தரும் லக்கேஜ் சீட்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவாகப் போவதில் ஒரு பெரிய பலமும் உண்டு. இரண்டிரண்டு பேராக ஜோடி பிரித்துவிடுங்கள். பெரியவர் ஒருவருக்கு இளையவர் ஒருவர் என்று இருப்பது நல்லது. இமிகிரேஷன் தாண்டியதும், கேட்டுக்கு வந்ததும், பெட்டி எடுத்ததும் தலை எண்ணுங்கள். விடுதியின் பெயர், முகவரி, குழுத்தலைவரின் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வையுங்கள். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் கைகொடுக்கும். சிங்கப்பூரில் போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 995. மலேசியாவில் இரண்டுக்குமே 999.

விமானம் புறப்படுவதற்கு 3 மணி நேரம் முன்பே நிலையத்துக்குள் இருங்கள். பெரும்பாலான வெளிநாட்டு விமானங்களுக்குச் செக்-இன் கவுன்டரை 1 மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். ஒருவர் தாமதத்தால் குழுவே தவிக்கும்படி ஆகிவிடக் கூடாது.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு குழுவினர் எல்லாரும் ஒரு மாலை கூடி உட்காருங்கள். பாஸ்போர்ட், டிக்கெட், விசா, மருந்து என ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சரிபாருங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும்வரை பொறுமையாகச் சொல்லுங்கள். நல்லபடியாகப் போய், நல்லபடியாக வீடு திரும்புங்கள்.