மணவீடும் கைவேலையும்



நம்மவர் இல்லங்களில் திருமணம் நிச்சயமான மறுநாளே ஒரு பட்டியல் எழுதப்படுகிறது. தாலிப்பொன், கூறை, மண்டபம், மேளம், விருந்து என்று தொடங்கும் அப்பட்டியலின் அடியிலே அழைப்பிதழும், வந்தோர்க்கு வழங்கும் தாம்பூலமும், கேக் துண்டு வைத்துக் கொடுக்கும் சிறு பெட்டியும் இடம்பெறுகின்றன. மேலே உள்ளவை நம் விருப்பத்திற்கு எளிதில் அடங்குபவையல்ல. பொன்னின் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது. மண்டபத்தின் வாடகையை அதன் உரிமையாளர் தீர்மானிக்கிறார். அடியிலுள்ள இச்சிறு பொருள்களே நம் கைக்கு எட்டுபவை. அவற்றையும் கடையிடம் ஒப்படைத்துவிட்டால், நம் வீட்டுத் திருமணத்தில் நம் கையால் ஆனது என்று சொல்ல யாது எஞ்சும்? இவற்றை இல்லத்திலேயே ஆக்கிக்கொள்வது எங்ஙனம் என்பதும், ஏன் ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பதுமே இன்றைய பேச்சின் பொருள்.

பாடசாலையை நடத்தும் பொறுப்பிலுள்ளோர் அறிந்த உண்மையொன்று உண்டு. மூத்தவளின் திருமணக் கடன் தீரும்வரை இளையவளின் உயர்தர வகுப்பு காத்திருக்கிறது. சில குடும்பங்களில் அது முடிவின்றியே காத்திருக்கிறது. அழைப்பிதழில் மிச்சம் பிடித்த பணத்தால் அக்கடன் அடைபட்டுவிடும் என்று நான் கூறவரவில்லை. ஆயினும், பெட்டியை நாமே செய்வோம் என்று துணிந்த குடும்பம், பட்டியலின் மேலே உள்ள செலவுகளையும் பார்த்து, "இது வேண்டுமா?" என்று கேட்கத் துணியும். அத்துணிவே பெரிய இலாபம்.

கண்டிச் சீமையில் வாழும் நமக்குக் கைவேலை புதிதன்று. இங்கிருந்து வடக்கே, மாத்தளையை அடுத்துள்ள அலுவிகாரையிலேதான், கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த மறைகள் முதன்முறையாக ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு. வாழ்நாளில் ஒரே முறை பூத்து மடியும் தாளிப்பனையின் குருத்தை அவித்து, உலர்த்தி, வழவழப்பாக உரைத்து, எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் பூசி எழுத்தைத் துலக்கும் அக்கலை இன்றும் அழிந்துவிடவில்லை. கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கில், செடியின் நாரைப் பிரித்து, சாயமேற்றி, விலங்கும் பறவையும் கொடியும் விளங்க நெய்கிறார்கள். அந்தத் தும்பறை நெசவை 2021 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இக்கலைகளின் அருமையை உலகுக்கு எடுத்துரைத்தவர், கொழும்பிலே தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள். கண்டிக் கைவினைகளை ஆராய்ந்து அவர் இயற்றிய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியாயிற்று. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அது அச்சிடப்பட்டது. கைவேலையைப் பற்றிய நூலைக் கைவேலையாகவே ஆக்குதல் பொருந்தும் என்று அப்பெரியார் கருதினார் போலும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலாவது அழைப்பிதழ். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அச்சிடக் கடதாசி இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. நாளேடுகள் சில அச்சுப் பதிப்பைச் சுருக்கிக்கொண்டன. எழுதி முடித்த அப்பியாசக் கொப்பியை எறிந்துவிடலாகாது என்ற பாடத்தை அந்த ஆண்டு நமக்குக் கற்பித்தது. அக்கொப்பிகளே நமக்கு மூலப்பொருள்.

தாள்களைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஓரிரவு நீரில் ஊறவிடுக. மறுநாள் உரலிலிட்டு மாவாகும்வரை இடித்து, அகன்ற பாத்திரத்து நீரிற் கலக்குக. அதனுடன் சிறிது சோற்றுக் கஞ்சி சேர்த்தால் பின்னர் எழுதும்போது மை பரவாது. ஒரு சாண் அளவான மரச்சட்டத்தில் நுளம்பு வலையை இழுத்துக் கட்டி, அதைப் பாத்திரத்தில் அமிழ்த்தி, சாயாமல் மேலே தூக்குக. நீர் வடிந்தபின் சட்டத்தைப் பழைய பருத்தித் துணிமீது கவிழ்த்து, மேலே இன்னொரு துணியிட்டு அழுத்தி, பலகையும் கல்லும் பாரம் வைத்து, பின் நிழலில் உலர்த்துக. அச்சிட்ட செய்தித்தாள் சாம்பல் நிறக் கடதாசியைத் தரும். கொப்பித்தாள் வெண்மை தரும். பொன்னிறம் வேண்டுவோர் கலக்கும் நீரில் தேயிலைச் சாயத்தை ஊற்றலாம். 1867 ஆம் ஆண்டில் இதே கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அத்தேயிலைத் தொழிலை வளர்த்த நம் முன்னோரின் நினைவு, பேரப்பிள்ளையின் மணவோலையில் நிறமாக நிற்பது பொருத்தமன்றோ?

இக்கடதாசியை அழைப்பிதழின் மேலட்டையாக மடித்துக்கொள்ளுங்கள். வாசகம் முழுவதையும் நூற்றுக்கணக்கில் கையால் எழுதுதல் இயலாது. குடும்பத்தில் அழகாக எழுதக்கூடிய ஒருவர் ஒரு பிரதி எழுத, அதனை நிழற்பிரதி எடுத்து உள்ளே வைத்து, மஞ்சள் நூலால் இரு தையல் போட்டால் போதும். பசை வேண்டாம், நம் மலைநாட்டு ஈரத்தில் மாப்பசை பூஞ்சணம் பிடிக்கும். முகப்பில் குத்துவிளக்கோ மாங்கனியோ வேண்டுமெனில், உருளைக்கிழங்கை இரண்டாக அறுத்து, வெட்டுமுகத்தில் அவ்வுருவைச் செதுக்கி, வர்ணத்தில் தோய்த்து ஒற்றலாம். நான்கு மூலைகளிலும் மஞ்சளைக் குழம்பாகத் தடவாது உலர்ந்த பொடியாகத் தொட்டுவையுங்கள், கடதாசி நெளியாது. வெளிநாட்டிலுள்ளோர்க்குக் கைத்தொலைபேசியில் அழைப்பு அனுப்பலாம். கட்டுக்கலைப் பிள்ளையார் சந்நிதியில் வைக்கும் முதற் பத்திரிகையும், ஊர்ப் பெரியோர் கையில் நேரே கொடுக்கும் பத்திரிகையும் கையால் ஆனவையாக இருக்கட்டும்.

இரண்டாவது, பெட்டி. இதற்குக் கமுகமடலினும் சிறந்த பொருள் இல்லை. கமுகமரத்திலிருந்து தானே கழன்று விழும் மடலைத் துடைத்து, அரைமணி நேரம் நீரில் ஊறவைத்தால் தோல்போல் வளையும். வேண்டிய அளவுக்கு நறுக்கி, நான்கு புறமும் மடித்து, மூலைகளை ஈர்க்கினாற் குத்திப் பாரத்தின்கீழ் உலரவிடுங்கள். உலர்ந்தபின் பெட்டி தன் வடிவை விடாது. கேக் துண்டை வைப்பதாயின், முதலில் வாழையிலை நறுக்கொன்றை வாட்டி உள்ளே விரியுங்கள். யாழ்ப்பாணத்து உறவினர் இருப்பின், பனையோலையிற் கொட்டைப்பெட்டி இழைக்க அறிந்த முதியவள் ஒருத்தி அவர்களுள் இருக்கக்கூடும். அவரை அழைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பெட்டியில் இடும் பொருள். விருந்தினர் வீட்டு மூலையில் தூசி படியக் கிடக்கும் நெகிழிப் பொம்மை எதற்கு? கண்டி வீட்டுத்தோட்டம் உலகறிந்த தோட்டம். மிளகும் கராம்பும் சாதிக்காயும் ஏலமும் ஒரே வளவில் வளரும் மண் இது. வெற்றிலை, பாக்குடன் ஒரு துண்டு கறுவா, நான்கு கராம்பு, ஒரு மஞ்சட்கிழங்கு ஆகியவற்றைச் சிறு துணியில் முடிந்து கொடுத்தால், அது மங்கலமும் ஆகும், மறுநாட் சமையலுக்கும் உதவும். 2020 ஆம் ஆண்டில் இறக்குமதித் தடையால் மஞ்சளின் விலை ஏறியபோது, முற்றத்தில் மஞ்சள் நட்டவர்கள் பலர். அக்கிழங்கின் மதிப்பை அவர்கள் அறிவார்கள். ஆனால் எப்பொருளாயினும் நன்கு வெயிலில் உலர்ந்திருத்தல் அவசியம்.

இனி இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது: கையால் செய்வதெல்லாம் மலிவானதென்று எண்ணிவிட வேண்டாம். பொற்சரிகையும் மணியும் செயற்கைப் பூவும் கடையில் வாங்கி ஒட்டத் தொடங்கினால், ஆயத்தப் பெட்டியைவிடச் செலவு மிகும். நூலும் சிறிது வர்ணமும் மட்டும் வாங்குங்கள். எஞ்சியவை வளவிலிருந்து வரட்டும். இரண்டாவது: காலத்தைக் கணக்கிடுங்கள். ஒரு பெட்டிக்குப் பத்து நிமிடம் செல்லுமாயின், 300 பெட்டிகளுக்கு 50 மணித்தியாலம் வேண்டும். தாய் ஒருத்தி தனியே அமர்ந்தால் அது நோயில் முடியும். ஐவர் கூடினால் ஆளுக்குப் பத்து மணித்தியாலம். இரண்டு போயா விடுமுறைகளின் பகற்பொழுதில் வேலை நிறைவுறும். ஆகவே மூன்று மாதம் முன்னரே தொடங்குக. மணமகளின் தங்கையர் மட்டுமன்றித் தம்பியரும் அமரவேண்டும். மணமகன் வீட்டிலும் இவ்வாறே நடைபெற வேண்டும். பெண்களின் தோளில் இன்னொரு சுமையை ஏற்றுவது கைவேலையின் நோக்கமன்று.

அப்படிக் கூடியிருக்கும் பொழுதிலே வேறொன்றும் நிகழ்கிறது. பாட்டி தன் கல்யாணக் கதையைச் சொல்கிறாள். பேசாதிருந்த சிற்றப்பனும் சித்தியும் ஒரே பாயில் அமர்ந்து நூல் கோக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களத் தாயார் குருத்தோலையில் தோரணம் மடிக்கக் காட்டிக்கொடுக்கிறார். கடையிலிருந்து பொதியாக வந்திறங்கும் பெட்டிகள் இவற்றுள் எதனையும் நமக்குத் தரமாட்டா. திருமணம் என்பது இரு குடும்பங்கள் இணைவது என்கிறோம். அவ்விணைப்பு மேடையில் ஒரு நாழிகையில் முடிந்துவிடுவதன்று. கமுகமடலை மடிக்கும் பல கைகளில், நாட்கணக்கில் வளர்வது.

நேயர்களே, அடுத்து உங்கள் இல்லத்தில் எழுதப்படும் பட்டியலில், அடியிலிருக்கும் அந்த வரிகளுக்கு எதிரே விலையை எழுதாதீர்கள். செய்யப்போகிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். அதனால் மிஞ்சும் பணம் சிறிதாயினும், அதனை வீட்டிலுள்ள இளைய பிள்ளையின் படிப்புக்கென்று தனியே எடுத்து வையுங்கள்.