ஈராண்டு வரைபடக் கல்வி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மேடையேறிப் பேசும் பழக்கம் எனக்கில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாகபுரியில் ரயில்வே அலுவலகத்தில் பில்களைச் சரிபார்த்து வருபவன். குழந்தைகளின் கல்வியைப் பற்றி ஏதேனும் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பொதுப்படப் பேசும் அளவுக்கு எனக்கு அறிவு போதாது. ஆதலின் என் வீட்டில் நிகழ்ந்ததையே சொல்லிவிடுகிறேன்.

என் மூத்த மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறினாள். மேலே இரண்டு வகுப்பு, அதன்பின் எஞ்சினீயரிங் என்று நான் மனத்திற்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவளோ அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் டிராப்ட்ஸ்மன் சிவில் பிரிவுக்கு விண்ணப்பித்துவிட்டதாகச் சொன்னாள். கணிதமும் அறிவியலும் கற்றுப் பத்தாவது தேறியவர்க்கு உரிய இரண்டாண்டுப் படிப்பு அது. கட்டட வரைபடம் வரையக் கற்பிப்பது. “ஐ.டி.ஐ.யா?” என்று நான் போட்ட கூச்சல் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வரை எட்டியிருக்கும். ஒரு மாத காலம் அவளோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. சங்கத்தில் நாலு பேர் கேட்டால் என்ன விடை சொல்வது என்பதே என் கவலையாக இருந்தது. அதை இந்த அவையில் ஒளிப்பானேன்? இறுதியில் என் மனைவி கையொப்பமிட்டு அவளைச் சேர்த்துவிட்டாள்.

தொடக்கத்தில் சில வாரங்கள் கோடு போடுவதும் எழுத்து எழுதுவதுமாகவே கழிந்தன. பாலர் வகுப்பில் செய்ததைத் திரும்பச் செய்கிறாளே என்று எனக்கு எரிச்சல். பிறகுதான் தெரிந்தது, கோட்டிலும் இலக்கணம் உண்டென்று. வெட்டிக் காட்டும் சுவருக்குத் தடித்த கோடு. மறைந்திருப்பதற்கு விட்டுவிட்டுப் போகும் கோடு. மையத்திற்கு வேறொரு கோடு. 19 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் உள்ள செங்கல், சாந்தோடு சேர்ந்தால் 20, 10, 10 என்று கணக்காகிறது. மூலையில் இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி அந்தச் செங்கல்லை எப்படி அடுக்குவது என்பதை மட்டும் பல தாள்களில் வரைந்தாள்.

ஒருநாள் எங்கள் குவார்ட்டர்ஸையே நாடா பிடித்து அளந்து, ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்ற அளவில் வரைந்தாள். பதினோராண்டு குடியிருந்த வீட்டை அன்றுதான் நான் பார்த்தேன் எனலாம். நாங்கள் படுக்கும் அறையின் சுவர் நேர் மேற்கே நிற்கிறது. நாகபுரியின் மே மாத வெயிலை மாலைவரை வாங்கி, இரவு முழுதும் எங்களுக்குத் திருப்பித் தருகிறது. கட்டிலைக் கிழக்கு அறைக்கு மாற்றினோம். செலவில்லை.

ஆயினும் என் மனத்தை முற்றும் மாற்றியது அதுவன்று. சென்ற கோடை விடுமுறைக்கு மாயவரத்தை அடுத்த எங்கள் சிற்றூருக்குப் போயிருந்தோம். அங்குள்ள வீடு, காலஞ்சென்ற என் தந்தையார் ஓய்வு பெற்ற பணத்தில் 2009ஆம் ஆண்டு கட்டியது. கொத்தனார் அனுபவசாலி, தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொண்டு கண்ணளவிலேயே கட்டி முடித்தார். வரைபடம் ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று தந்தையார் கேட்டபோது, “அந்தக் காசுக்கு ஒரு லோடு மணல் வாங்கலாமே, அப்பா” என்று சொன்னவன் நான்.

2016இல் என் தாயார் வடகத் தட்டோடு மாடி ஏறும்போது கடைசிப் படியில் கால் இடறி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அன்றுமுதல் கைத்தடிதான். வயதாகிவிட்டது, பார்த்து ஏறவில்லை என்று நாங்கள் எல்லோரும் சொல்லி வந்தோம்.

என் மகள் பழகுவதற்காக அந்தப் படிக்கட்டை அளந்தாள். படிகள் பதினெட்டு. பதினேழு படிகள் ஒவ்வொன்றும் 17 சென்டிமீட்டர் உயரம். கடைசிப் படி 21. கீழிருந்து கட்டிக்கொண்டே போய், மிச்சமிருந்த உயரத்தை முழுவதும் கடைசிப் படியின் தலையில் வைத்திருக்கிறார்கள். மொத்த உயரம் 310 சென்டிமீட்டர். முதலிலேயே வெட்டுத்தோற்றம் வரைந்து பதினெட்டால் வகுத்திருந்தால் படிக்கு 17.2 என்று சமமாக அமைந்திருக்கும். பதினேழு படி ஒரே அளவில் பழகிய கால், பதினெட்டாவதையும் அதே அளவென்று நம்பித்தான் தூக்கும்.

“அப்படியானால் என் கால்மேல் குற்றமில்லையா, கண்ணு?” என்று தாயார் பேத்தியைக் கேட்டார். விடை சொல்ல வேண்டியவன் நான். ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை.

இப்படிப்பை நான் வானளாவப் புகழ வரவில்லை. இது பட்டமன்று, தேர்ச்சிச் சான்றிதழ். அமெரிக்க நாட்டில் இதையொத்த கல்விக்குச் சமுதாயக் கல்லூரிகளில் ஈராண்டுப் பட்டமே உண்டு. நம் நாட்டில் ஆர்க்கிடெக்ட் என்னும் பெயரை, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரே சூட்டிக்கொள்ள இயலும். அதற்கு ஐந்தாண்டுப் படிப்பு வேண்டும். தொடக்கச் சம்பளமும் சிறிதுதான். வரைபலகையோடு நின்றுவிட்டால் வேலை கிடைப்பது அரிது. இரண்டாம் ஆண்டில் கம்ப்யூட்டரில் வரையவும், நிலம் அளக்கவும், மதிப்பீடு போடவும் கற்கிறாள். தேறிய பின் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரும் வழி திறந்திருக்கிறது. அவள் அதைத்தான் எண்ணியிருக்கிறாள். இம்முறை நானே விண்ணப்பத்தில் கையொப்பமிடுவேன்.

என் அலுவலகத்திற்கு வரும் பில்கள் சிலவற்றோடு வரைபடமும் மடித்து இணைக்கப்பட்டு வரும். இத்தனை ஆண்டுகளாகத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு அதைப் பிரிக்காமலே மேலே அனுப்பியவன் நான். இப்போது பிரித்துப் பார்க்கிறேன். பாதி புரிகிறது, மீதியை மாலையில் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

வரும் மே மாத விடுப்பில் ஊருக்குப் போய் அந்தப் படிக்கட்டின் மேற்பூச்சைக் கொத்தியெடுத்து, பதினெட்டையும் சமமாக்குவதாக இருக்கிறோம். வரைபடத்தை மகள் வரைந்து, தன் ஆசிரியரிடம் காட்டித் திருத்தியும் வாங்கிவிட்டாள். மேஸ்திரிக்குக் கொடுக்க மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.