மறைநூல் என்னும் கண்ணாடி

(ஜூபிலி விழாவையொட்டிப் பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி என்றவுடன் கோயிலுக்கு வெள்ளையடிக்கிறோம், தோரணம் கட்டுகிறோம். லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் கூறும் ஜூபிலி இதனினும் பெரிது. ஐம்பதாம் ஆண்டில் அடிமைக்கு விடுதலை. விற்ற நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும். ஆகவே, 'நம்மிடம் தங்கிவிட்ட பிறர் பொருள் ஏதேனும் உண்டா?' என்பதே ஜூபிலியின் முதற் கேள்வி.

விசுவாசிகள் அனைவரும் மறைநூலை அடிக்கடி வாசிக்க வேண்டுமென 1965-ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் வற்புறுத்தியது. வாசிக்கிறோம், ஆனால் யாருக்காக வாசிக்கிறோம்? ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையை நாத்தான் சொன்னபோது, தாவீது அரசர் கொதித்தெழுந்தார். அச்செல்வன் தாமே என்பது மட்டும் அவருக்கு விளங்கவில்லை. நாமும் பிரசங்கத்தைக் கேட்டு, 'இது பக்கத்து வீட்டாருக்குப் பொருத்தம்' என்று எண்ணுகிறோம்.

எங்கள் வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொல்லுகிறோம். ஒரு தவக்காலத்தில் குடும்ப செபத்தின்போது யாகப்பர் நிருபம் 5-ஆம் அதிகாரத்தை வாசித்தோம். அறுத்தவர்களுக்குக் கொடாத கூலி கடவுளிடம் கூக்குரலிடுவதாக அங்கே எழுதியிருக்கிறது. 'மயிலாப்பூரில் வாடகைக்குக் குடியிருக்கும் நமக்கேது வயல்?' என்று எண்ணிப் புத்தகத்தை மூடப் போனோம். அப்போது வீட்டுச் சிறுமி கேட்டாள்: "ஆயாவுக்கு ஜுரம் வந்தப்போ ஆறு நாள் சம்பளம் பிடிச்சீங்களே, அதுவும் இதுதானா?"

எங்களுக்கு வாய் அடைத்துப் போயிற்று. அதற்குப் பின் எத்தனையோ முறை பாவசங்கீர்த்தனம் செய்திருந்தோம். அந்த ஆறு நாள் ஒருமுறைகூட நினைவுக்கு வந்ததில்லை. மறுநாள் பணத்தைக் கொடுத்தோம். அது எளிது. மன்னிப்புக் கேட்கத்தான் நாக்கு எழவில்லை. ஒருவாறு கேட்டோம். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, "மருந்துக்கு வட்டிக்கு வாங்கியிருந்தேம்மா" என்றார் அந்த அம்மாள். எங்களுக்குச் சில்லறையாய்த் தெரிந்தது, அவருக்குக் கடனாய் வளர்ந்திருந்தது.

கண்ணாடியில் முகம் பார்த்து, உடனே அதை மறந்துபோகிறவனைப் பற்றியும் யாகப்பர் எழுதுகிறார். மறவாதிருக்க எளிய வழி உண்டு. இரவில் பத்து நிமிடம் போதும். ஒரு சிறு பகுதியை வாசிப்போம். 'இதில் நான் யார்?' என்று கேட்போம். மறுநாள் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தைத் தீர்மானிப்போம். சக்கேயு, 'இனி நல்லவனாயிருப்பேன்' என்று பொதுவாகச் சொல்லவில்லை. உடைமையில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு என்று கணக்கோடு மனந்திரும்பினார். நமது மனந்திரும்புதலுக்கும் கணக்கு வேண்டும்.

சகோதரர்களே, நாம் புனித தோமையாரின் கல்லறை அமைந்த மண்ணில் வாழ்கிறோம். அவர் தம் ஐயத்தை மறைத்துக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து தலையசைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார். எட்டு நாள் கழித்து ஆண்டவர் அவரைத் தேடி வந்து தம் காயங்களைக் காட்டினார். ஒளிவுமறைவில்லாத உள்ளத்தை ஆண்டவர் கைவிடுவதில்லை.

இன்று வீடு திரும்பியதும் மறைநூலைத் திறப்போம். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு ஜூபிலித் திருப்பலிக்கு வருவோம். அதுவே பீடத்திற்கு நாம் கொண்டுவரும் நல்ல காணிக்கை.