ஏற்பியின் தாராளம்



நிகழ்ச்சி நிரலில் உள்ள தலைப்புகளை வரிசையாக வாசித்துப் பாராட்டுவது தலைமை உரையின் மரபாகிவிட்டது. நிரல் உங்கள் கையிலேயே இருப்பதால் அந்த வேலையை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு கருத்தை மட்டும் இந்த அவையின் முன் வைக்கிறேன். டி செல் ஏற்பியைப் பூட்டுக்கேற்ற சாவி என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை நாம் நிறுத்த வேண்டும். நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் அந்தப் படத்தை வரைந்தவன்தான். வரைவதற்கு அவ்வளவு சுலபம்.

1974-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் செய்த சோதனையை நினைத்துப் பாருங்கள். மூளைச்சவ்வைத் தாக்கும் ஒரு வைரஸை எலிகளுக்குச் செலுத்தி, அவற்றின் கொல்லும் டி செல்களைப் பிரித்தெடுத்து, அதே வைரஸ் தொற்றிய வேறு செல்களோடு சேர்த்தார்கள். தன் இனத்து எலியின் செல் என்றால் டி செல் அதைக் கொன்றது. எம்.எச்.சி. என்னும் மேற்பரப்பு மூலக்கூறு வேறாக உள்ள எலியின் செல் என்றால், உள்ளே அதே வைரஸ் இருந்தும் அதைத் தொடவில்லை. வைரஸ் மட்டும் போதாது, அதைக் காட்டும் செல்லும் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது அன்றைக்குப் பெரிய புதிர். நம் செல்கள் தமக்குள் இருக்கும் புரதங்களை நறுக்கி, அந்தப் பெப்டைடு துண்டுகளை எம்.எச்.சி. மூலக்கூறில் பதித்து வெளியே காட்டுகின்றன என்பதும், ஏற்பி இரண்டையும் சேர்த்தே தடவிப் பார்க்கிறது என்பதும் பின்னால் தெளிவாயின. மனிதரில் அந்த மூலக்கூறுகளை எச்.எல்.ஏ. என்கிறோம். அந்த இருவருக்கும் 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏற்பியின் மரபணு 1984-இல் பிடிபட்டது. எலியில் மார்க் டேவிஸின் குழுவும் மனிதரில் டாக் மாக்கின் குழுவும் அதைக் கண்டறிந்தன. மரபணுத் துண்டுகள் வெட்டி ஒட்டப்படுகின்றன. ஒட்டுமிடத்தில் சில எழுத்துகள் கூடுகின்றன, சில குறைகின்றன. அதனால் உருவாகக்கூடிய ஏற்பிகளுக்கு எல்லையே இல்லைபோல் தோன்றியது. ஒவ்வொரு பகைக்கும் ஓர் ஏற்பி என்ற எண்ணம் இந்த மலைப்பில்தான் வேரூன்றியது.

அதைக் கணக்குப் போட்டே கலைத்தவர் டான் மேசன். 1998-இல் அவர் எழுதியதன் சாரம் இது: எதிர்கொள்ளக்கூடிய பெப்டைடுகள் பத்தின் பதினைந்தாம் அடுக்கைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி டி செல் வேண்டுமென்றால், ஓர் எலி சுமக்க வேண்டிய டி செல்களின் எடையே நூறு கிலோவைத் தாண்டிவிடும். எலியின் மொத்த எடையோ இருபது, முப்பது கிராம். ஆகவே ஒவ்வோர் ஏற்பியும் ஏராளமான பெப்டைடுகளுக்கு இணங்கித்தான் ஆக வேண்டும். 2012-இல் கார்டிஃப் ஆய்வாளர்கள் முதல் வகை நீரிழிவு நோயாளி ஒருவரின் டி செல்லை எடுத்துச் சோதித்தார்கள். அதன் ஒற்றை ஏற்பி பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெப்டைடுகளை அறிந்துகொண்டது.

ஆன்டிபாடி நாளாக நாளாகத் தன் பிடியை இறுக்கிக்கொள்ளும். டி செல் ஏற்பி அப்படிச் செய்வதில்லை. அதன் பிடி தளர்வானது, பெரும்பாலும் சில நொடிகளே நீடிப்பது. தைமஸ் சுரப்பியும் இதற்கேற்றபடிதான் தேர்வு நடத்துகிறது. நம் சொந்தப் பெப்டைடுகளை அழுத்தமாகப் பற்றும் டி செல்கள் பெரும்பாலும் அழிக்கப்படுகின்றன. அறவே பற்றாதவையும் மடிகின்றன. பிழைப்பவை சொந்தத்தை லேசாக உணர்பவை. நம் உடலை ஓரளவு அறிந்திருப்பதே அவை உயிரோடு இருப்பதற்கான நிபந்தனை.

இந்தத் தாராளம்தான் புதுக் கிருமியிடமிருந்து நம்மைக் காக்கிறது. சில நோய்களும் இதன் வழியாகவே வருகின்றன. முதுகெலும்பை இறுகவைக்கும் அழற்சி நோய்க்கும் எச்.எல்.ஏ. பி27-க்கும் உள்ள தொடர்பு 1973-லேயே தெரியும். ஆனால் டி செல்கள் அங்கே எதைப் பார்க்கின்றன என்பது நெடுநாள் விளங்கவில்லை. 2022-இல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் மூட்டிலிருந்தும் கண்ணிலிருந்தும் பெற்ற ஏற்பிகள் பாக்டீரியப் பெப்டைடுகளையும் நம் சொந்தப் பெப்டைடுகளையும் ஒருசேர அறிவது தெரிந்தது.

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது 2013-இல் வெளியான ஒரு சிகிச்சை அறிக்கை. மேஜ்-ஏ3 என்ற புற்றுநோய்ப் புரதத்தை இறுகப் பற்றும்படி ஆய்வகத்தில் வலுவூட்டிய ஏற்பியை, நோயாளிகளின் டி செல்களிலேயே பொருத்திச் செலுத்தினார்கள். முதல் இருவரும் சில நாட்களில் இதயம் செயலிழந்து இறந்தார்கள். இதயத் தசையிலுள்ள டைட்டின் என்ற புரதத்தின் துண்டொன்றையும் அந்த ஏற்பி பற்றியிருந்தது. ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட அந்த இரு துண்டுகளுக்கும் பொதுவாக இருந்தவை ஐந்துதான். வழக்கமான செல் வளர்ப்புச் சோதனைகள் எதுவும் இதைக் காட்டவில்லை. துடிக்கும் இதயச் செல்களை வளர்த்துச் சோதித்த பிறகே உண்மை தெரிந்தது. இன்னும் இறுக்கமான பிடி இன்னும் துல்லியமான மருந்தாகும் என்று நம்பியதற்குக் கொடுத்த விலை அது.

ஏற்பியின் இந்தத் தாராளத்துக்கு நம் மண்ணிலும் ஒரு கதை உண்டு. 1968-இல் செங்கல்பட்டுப் பகுதியில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை, லட்சக்கணக்கானவர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. இங்குள்ள மண்ணிலும் நீரிலும் வாழும் பிற மைக்கோபாக்டீரியங்களால் மக்களின் டி செல்கள் முன்பே பழக்கப்பட்டிருந்தன என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கங்களுள் ஒன்று. அதை ஏற்பி வரிசைகளின் அளவில் சோதித்துப் பார்க்கும் கருவிகள் அன்று இல்லை, இன்று இருக்கின்றன. இங்கு யாரேனும் அதைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்றும் உண்டு. ஏற்பி வழிச் சிகிச்சைகள் சந்தைக்கு வந்துவிட்டன. கண்ணில் வரும் மெலனோமாவுக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெபென்டாஃபஸ்ப், எச்.எல்.ஏ. ஏ*02:01 உள்ளவர்களுக்கு மட்டுமே பயன்படும். இந்தியரிடையே ஏ2 வகைக்குள் ஏ*02:11 போன்ற பிற உட்பிரிவுகளும் கணிசமாக உண்டு. வேறொரு நாட்டு மக்களின் எச்.எல்.ஏ.யைக் கொண்டு வகுத்த பெப்டைடு பட்டியலை இங்கே அப்படியே பயன்படுத்தினால், நம் நோயாளிகளில் பலர் அந்தப் பட்டியலுக்கு வெளியேதான் நிற்பார்கள்.

ஆகவே கட்டுரை வாசிக்கும் நண்பர்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் மாதிரிகளைத் தந்தவர்களின் எச்.எல்.ஏ. வகையை முதல் படத்திலேயே காட்டுங்கள். உங்கள் ஏற்பி எதைப் பற்றுகிறது என்பதோடு, வேறு எவற்றின்மீது அதைச் சோதித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சோதிக்கவில்லையென்றால் அதையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். அமர்வுத் தலைவர்கள் இந்த இரண்டையும் கேட்காமல் யாரையும் மேடையிலிருந்து இறங்க விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் கட்டுரையாளர் வரலாம்.