பலகாரப் பேணியும் பண்டிகை நாளும்



"ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா?" என்பது நம் இல்லங்களில் வழங்கிவரும் பழமொழி. உலை கொதிக்கும் வரையில் அமைதியாக அமர்ந்திருந்தவன், சோறு இலையில் விழுந்தவுடன் அவசரப்பட்டு விரலைச் சுட்டுக்கொள்கிறான். பொருள் தொலைவில் இருக்கும்போது பொறுமை காப்பது எளிது. அது கைக்கெட்டும் தூரத்தில் வந்த பின்னரே பொறுமைக்குச் சோதனை தொடங்குகின்றது. பண்டிகைக்கு முந்திய சில நாள்களில் வீடுதோறும் நடைபெறும் சிறு போராட்டம் இத்தகையதே.

மார்கழி மாதத்து ஓமந்தையை மனக்கண் முன் கொண்டுவருவோம். வடகீழ்ப் பருவமழையால் குளங்கள் நிறைந்திருக்கின்றன. கண்டி வீதிக்கு அப்பால் காலபோக நெற்பயிர் பச்சைப் பசேலென நிற்கின்றது. அங்கே ஒரு வீடு. நத்தாருக்கு இன்னும் பத்து நாள்கள் உள்ளன. முறுக்கும் பயற்றம்பணியாரமும் சுட்டு முடிந்து, பெரிய தகரப் பேணியில் அடைக்கப்பட்டு, அலுமாரியின் உச்சியில் ஏற்றப்பட்டுவிட்டன. அதன் அருகே கடுதாசியில் சுற்றிய நத்தார்க் கேக். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் ஏழு வயதுப் பேரன். அடுப்படியில் இருந்தபடியே அவனைக் கவனித்துக்கொண்டிருக்கும் அம்மம்மா. அயல் வீடு சைவ வீடாயின், நத்தாருக்குப் பதிலாகத் தைப்பொங்கல் என்று கொள்க. பேணியும் பேரனும் இரு வீட்டிற்கும் பொதுவே.

இச்சோதனை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் நத்தாருக்கென்று 'மின்ஸ் பை' என்னும் சிறு பணியாரம் செய்வர். உலர்ந்த பழங்களையும் வாசனைத் திரவியங்களையும் கொழுப்பையும் சேர்த்துப் பிசைந்து, மாவுக் கிண்ணத்தினுள் இட்டு வேகவைப்பது அது. முற்காலத்தில் கொத்திய இறைச்சியும் சேர்ந்திருந்தமையாலேயே அதற்கு அப்பெயர் வந்தது. நத்தார் தொடங்கிப் பன்னிரண்டு நாள்களும் நாளுக்கு ஒன்றாக அதனை உண்டால், வரும் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும் நலமாகக் கழியும் என்பது அந்நாட்டு நம்பிக்கை. ஆகவே, உண்ணத் தொடங்கும் நாள் நத்தார் நாளே. அதற்கு முந்திய திருவருகைக் காலமோ, பழைய திருச்சபை மரபில் நோன்புக்கும் மன ஒடுக்கத்துக்கும் உரியது.

அந்நாட்டார் இவ்விடயத்தை விளையாட்டாகவும் கொள்ளவில்லை. 1644ஆம் ஆண்டில் மாதாந்த நோன்பு நாளும் நத்தாரும் ஒரே நாளில் வந்தபோது, விருந்தை விட்டு நோன்பையே காக்க வேண்டும் என்று அந்நாட்டுப் பாராளுமன்றம் கட்டளையிட்டது. 1647இல் பண்டிகையையே நீக்கிவிட்டது. சட்டத்தால் அடக்கப்பட்ட நாவோ, பின்னர் சந்தையின் வலிமையால் அவிழ்த்துவிடப்பட்டது. இன்று அங்குள்ள பெருங்கடைகளில் மின்ஸ் பை புரட்டாசி, ஐப்பசியிலேயே அடுக்கப்பட்டுவிடுகின்றது. மூன்று மாதம் உண்டு சலித்த பண்டத்துக்கு நத்தார் நாளில் என்ன சிறப்பு எஞ்சியிருக்கும்?

இலங்கையின் நத்தார்க் கேக்கும் காத்திருப்பால் பிறப்பதே. ரவையும் கஜுவும் இஞ்சிப் பாகும் பூசணிப் பாகும் முந்திரிகை வற்றலும் கலந்து, பிராந்தியில் ஊறவைத்து, சுட்ட பின்னரும் நாள்கணக்கில் வைத்தாலன்றி அதன் மணம் முதிர்வதில்லை. அவசரப்பட்டு அறுத்தவன் கேக்கை உண்கிறானேயன்றி அதன் சுவையை உண்பதில்லை.

வன்னியின் உழவர் குடிக்கு இந்தப் பாடத்தைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. புதிர் எடுத்தல் என்னும் வழக்கமே அதற்குச் சான்று. வயலில் முதற்கதிர் முற்றியவுடன் யாரும் அதனை விருப்பம்போல் உருவி உண்பதில்லை. தைப்பூசம் போன்ற நன்னாளில் முதற்கதிரைக் கொண்டுவந்து, அந்த அரிசியைப் பொங்கிப் படைத்து, குடும்பத்தினர் அனைவரும் ஒருங்கிருந்து உண்ட பின்னரே புதுநெல் புழக்கத்திற்கு வரும். அநுராதபுரத்தில் ஸ்ரீ மகாபோதிக்குப் புத்தரிசி படைக்கும் பௌத்தர் விழாவும் இக்கருத்தினதே. முதற்கதிர்க்கட்டைப் படைக்கும் நாள்வரை புதுத்தானியத்தை உண்ணலாகாது என்று விவிலியத்தின் லேவியர் ஆகமமும் விதிக்கின்றது. மூன்று சமயங்கள், ஒரே நெறி.

இந்நெறி எப்பொழுது கைக்கொள்ளப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மார்கழி என்பது சென்ற போகத்து நெல் குறைந்து, கொம்பறையின் அடி தெரியத் தொடங்கும் காலம். வயிறு நிறைந்தவன் காத்த விரதம் அன்று இது. பசியின் ஓரத்தில் நின்றவன் காத்தது. அதே உழவன் ஐப்பசியில் விதைநெல்லையும் உண்ணாமல் காத்திருந்தான். அவனைக் காத்திருக்கச் செய்தது எது? நாவடக்கம் மட்டும் அன்று. மழை பெய்யும், குளம் நிறையும், அறுவடை வரும், வந்தால் தன் வீட்டுக்குப் பங்கு உண்டு என்னும் நம்பிக்கையே அவனைத் தாங்கிற்று.

இதனைச் சிறுவரிடத்தில் ஆராய்ந்தவர்களும் உளர். அமெரிக்க உளவியலறிஞர் வால்டர் மிஷெல், 1958இல் திரினிடாட் தீவுச் சிறுவரிடம், இன்றே ஒரு சிறு இனிப்பு வேண்டுமா, அடுத்த வாரம் பெரிய இனிப்பு வேண்டுமா என்று கேட்டுப் பார்த்து அதன் முடிவுகளை வெளியிட்டார். பின்னர் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், மழலையர் முன் ஓர் இனிப்பை வைத்து, சிறிது நேரம் பொறுத்தால் இரண்டு தருவதாகச் சொல்லிப் பார்த்தார். பண்டம் கண்ணுக்கு மறைவாக இருக்கும்போது குழந்தைகள் நீண்ட நேரம் பொறுத்தனர். அம்மம்மா பேணியை அலுமாரியின் உச்சியில் வைத்ததன் நியாயம் இதுதான்.

பொறுத்த குழந்தைகளே பிற்காலத்தில் கல்வியில் மேம்பட்டனர் என்னும் செய்தி உலகெங்கும் பரவிற்று. ஆனால், 2018இல் வெளியான பெரியதோர் ஆய்வு, குடும்பத்தின் வசதியையும் சூழலையும் கணக்கிற் கொண்டால் அத்தொடர்பு பெரிதும் குறைந்துபோவதைக் காட்டியது. அதற்கு முன், 2013இல், ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் மேலும் நுட்பமான ஒன்றைக் கண்டனர். இருபத்தெட்டுக் குழந்தைகளிடம் நல்ல வண்ணக் கோல்கள் கொண்டுவருவதாக முதலில் வாக்களித்தனர். பாதிப்பேருக்கு வாக்குக் காக்கப்பட்டது. மற்றவர்க்கு, 'இல்லை' என்னும் விடையே கிடைத்தது. அதன்பின் இனிப்பை வைத்தபோது, வாக்குக் காக்கப்பட்ட குழந்தைகள் சராசரி பன்னிரண்டு நிமிடம் பொறுத்தனர். ஏமாற்றம் கண்டவர்கள் மூன்று நிமிடத்திலேயே உண்டுவிட்டனர். ஆய்வு சிறிதாயினும் அது சொல்லும் செய்தி பெரிது. உடனே உண்ட குழந்தையைப் பேராசைக்காரன் என்று எவ்வாறு கூறுவது? தான் கண்ட உலகுக்கு ஏற்றபடி அது நடந்துகொண்டது.

ஓமந்தையில் இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே நின்றுபோன புகைவண்டி, 2011இலேயே மீண்டும் ஓமந்தைக்கு வந்தது. இருபத்தோராண்டுக் காலம் வன்னிக் குழந்தைகளுக்கு அது பெரியோர் வாய்க் கதையாகவே இருந்தது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தையடுத்துத் திறந்த வீதி, 2006இல் மீண்டும் மூடப்பட்டது. 2009ஆம் ஆண்டுத் தை மாதத்தில், புதிர் எடுக்க வேண்டிய வயல்களை விட்டுவிட்டு எத்தனையோ குடும்பங்கள் இடம்பெயர்ந்து கொண்டிருந்தன. பின்னர் அவர்களுட் பெருந்தொகையினர் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்தே முகாம்களுக்குச் சென்றனர். பண்டிகைக்கென்று எடுத்துவைத்த பேணியை விட்டு எழுந்தோடியவர்களிடம், பொறுத்தவர் பூமி ஆள்வார் என்று உபதேசிப்பது எளிதன்று. 'இருப்பதை இன்றே பிள்ளை தின்னட்டும்' என்று அக்காலத்துத் தாயொருத்தி நினைத்திருப்பாளாயின், அது ஒழுக்கக்கேடு அன்று. நாளை என்ற ஒன்றை நம்ப இடமில்லாத தாயின் அறிவு.

எனவே, பண்டிகைக்கு முன் பலகாரத்தில் கைவைத்த பிள்ளையைக் கண்டிக்குமுன், பெரியவர்கள் தம்மையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளல் தகும். 'நத்தாருக்குத் தருகிறேன்' என்று சொன்ன பேணி, அந்நாளுக்கு முன் விருந்தினர்க்கும் உறவினர்க்கும் போய் வெறுமையானதுண்டா? 'நாளைக்கு' என்ற சொல்லைப் பிள்ளையின் அழுகையை நிறுத்தும் தந்திரமாக மட்டும் வழங்கியதுண்டா? அவ்வாறாயின், அங்கே முதலில் வாக்குத் தவறியவர் பிள்ளை அல்லர்.

நம் பாட்டிமார் இதற்கு நல்லதோர் இடைவழி வைத்திருந்தனர். எண்ணெயில் வெந்து வந்த முதற்பணியாரம் அடுப்பருகே பிள்ளையாருக்கு. முழுமையாக வந்தவை பேணிக்கு. உடைந்தவை பிள்ளைகளுக்கு. சட்டத்துக்கும் பழுதில்லை, நாவுக்கும் முழுப்பட்டினி இல்லை. சுற்றிலும் பிள்ளைகள் காத்திருக்கும் நாளில் முறுக்குகள் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக உடைவதையும் நாம் கண்டிருக்கின்றோம். நல்ல முறுக்கை விரலால் அழுத்தி உடைத்துவிட்டு, 'ஐயோ, உடைந்துபோயிற்றே' என்று சொல்லும் அந்தக் கை எல்லாம் அறிந்த கை. காத்திருக்கவும் அது கற்பித்தது; காத்திருப்பவனை வெறுங்கையோடு விடவும் அதற்கு மனமில்லை.

மீண்டும் அந்த ஓமந்தை வீட்டுக்கே வருவோம். பேரன் இன்னும் அலுமாரியின் முன் நிற்கின்றான். அம்மம்மா உடைந்த முறுக்குத் துண்டொன்றை அவன் கையில் வைத்து, நாட்காட்டியைக் காட்டி, பத்து நாளையும் அவனைக்கொண்டே எண்ணுவிக்கின்றாள். அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். இனிமேல் பொறுத்திருப்பது அவன் கடமை; இருபத்தைந்தாம் நாள் காலையில், பேணியைக் குறைவின்றி இறக்கி அவன் முன் திறப்பது அவள் கடமை. அந்த மூடி சொன்ன நாளில் திறக்குமாயின், அடுத்த ஆண்டு அலுமாரியின் உச்சிக்குப் பேணியை ஏற்ற வேண்டிய தேவையே இராது.